பேஸ்பாலை வேகமாக்க எந்த விதி: கடிகாரமா, குறைந்த இன்னிங்ஸா, இரண்டாம் பேஸில் ஓசி ரன்னரா?

பேஸ்பாலுக்கு நேரக் கணக்கு கிடையாது என்பது அந்த ஆட்டத்தின் பழைய பெருமை. கால்பந்துக்கு 90 நிமிடம் உண்டு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக்கு 48 நிமிடம் உண்டு. பேஸ்பாலில் இன்னிங்ஸுக்கு மூன்று வீதம் ஒன்பது இன்னிங்ஸில் ஓர் அணியிடமிருந்து 27 அவுட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எவ்வளவு நேரமானாலும் சரி. 1919-ல் நியூயார்க் ஜயன்ட்ஸும் பிலடெல்பியா பில்லீஸும் ஒரு முழு ஆட்டத்தை 51 நிமிடத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். 2006-ல் யாங்கீஸும் ரெட் சாக்ஸும் அதே ஒன்பது இன்னிங்ஸை ஆட 4 மணி 45 நிமிடம் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டுமே விதிவிலக்குகள்தான். கவலை தந்தது சராசரி. 1970களில் இரண்டரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துகொண்டிருந்த அமெரிக்க மேஜர் லீக் ஆட்டம், 2021-ல் 3 மணி 10 நிமிடம் ஆனது. இந்தக் கூடுதல் நேரத்தில் கூடுதலாக ஏதாவது நடந்ததா என்றால், இல்லை. 2022-ல் லீக்கின் மொத்த பேட்டிங் சராசரி .243, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 243 ஹிட் (பந்தை அடித்துப் பேஸை எட்டுவது). 1968-க்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவது) பெருகியது, பிட்ச்சர்களை, அதாவது பந்து வீசுபவர்களை, மாற்றுவது பெருகியது, ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே எல்லோரும் சும்மா நிற்பதும் பெருகியது.

விதியை மாற்றிச் சுருக்கலாம். எந்த விதியை என்பதில்தான் சண்டை. மேஜர் லீக் கடந்த பத்தாண்டில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டது. தென் கொரியா அதில் சிலவற்றை எடுத்துக்கொண்டது. ஜப்பானின் தொழில்முறை லீக் 2025 பருவம் வரை கடிகாரத்தின் பக்கமே போகவில்லை. ஆக, முடிவெடுக்க வேண்டிய லீக்குகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு விதியையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்து: இது வெட்டுவது காத்திருப்பையா, ஆட்டத்தையா?

முதலில் சில்லறை விதிகள். ஒரு நல்ல பேட்டரை ஆடவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் முதலாவதுக்கு) அனுப்ப, முன்பெல்லாம் பிட்ச்சர் நான்கு பந்தை வெளியே வீசிக் காட்ட வேண்டும். 2017 முதல் மேனேஜர் சைகை காட்டினாலே போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி அனுப்புவது இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் நடக்கும். அந்த நான்கு பந்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மிச்சமானது ஒன்றுமில்லை, செய்தித்தாளில் தலைப்பு வந்ததுதான் லாபம்.

2020-ல் வந்தது மூன்று பேட்டர் விதி. உள்ளே வரும் பிட்ச்சர் குறைந்தது மூன்று பேட்டருக்காவது வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடியும்வரை நிற்க வேண்டும். இடக்கை பேட்டர் ஒருவருக்கு மட்டும் வீசிவிட்டுப் போகும் இடக்கைப் பிட்ச்சர் என்று ஒரு தனி இனமே இருந்தது. அந்த இனத்தை இந்த விதி ஒழித்தது. பிட்ச்சரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும் என்பது உண்மைதான். ஆனால் யாரை எப்போது இறக்குவது என்பது மேனேஜரின் மூளைக்கு வேலை, அது ஆட்டத்தின் பகுதி. சில நிமிடங்களுக்காக அதில் கைவைத்தது எனக்கு ஒப்பவில்லை.

மவுண்டுக்குப் போய்ப் பேசுவதைக் கட்டுப்படுத்தியது வேறு கதை. பிட்ச்சர் நிற்கும் மேட்டுக்கு, பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர் ஓடிப்போய்க் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசிவிட்டு வருவார். இரண்டு பந்து கழித்து மறுபடியும் போவார். 2018-ல் இதற்கு ஆட்டத்துக்கு ஆறு முறை என்று வரம்பு வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஐந்து, 2024-ல் நான்கு. ஏன் அவ்வளவு பேசினார்கள் என்று பார்த்தால் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. எந்தப் பந்து வீசுவது என்று கேட்ச்சர் விரலால் காட்டும் சைகையை இரண்டாம் பேஸில் நிற்கும் எதிரணி ரன்னர் படித்துவிடுவார் என்ற பயம். 2017-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கேமரா வைத்துச் சைகைகளைத் திருடியது பிறகு அம்பலமானபோது, அந்தப் பயம் வீண் இல்லை என்று தெரிந்தது. பயத்தால் சைகைகள் சிக்கலாயின, சிக்கலால் பிட்ச்சர் குழம்பினார், குழப்பத்தால் நேரம் போனது. 2022-ல் பிட்ச்காம் என்ற கருவி வந்தது. கேட்ச்சர் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்தப் பந்து என்று பிட்ச்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். இந்தக் கருவிக்கு உரிய பாராட்டு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். இது இல்லாமல் அடுத்த ஆண்டு கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தால், பிட்ச்சர்கள் பாதிப் பேர் சைகை புரியாமலேயே வீசியிருப்பார்கள்.

அப்புறம் கடிகாரம். 2023 முதல் மேஜர் லீக்கில், பேஸில் ஆள் இல்லாவிட்டால் பிட்ச்சர் 15 விநாடிக்குள் வீசத் தொடங்க வேண்டும். ஆள் இருந்தால் 20 விநாடி. 2024-ல் அந்த 20-ஐ 18 ஆக்கினார்கள். 8 விநாடி மீதமிருக்கும்போதே பேட்டர் தயாராக நிற்க வேண்டும். பிட்ச்சர் தவறினால் எதிராக ஒரு ‘பால்’, பேட்டர் தவறினால் ஒரு ‘ஸ்ட்ரைக்’. நான்கு பால் சேர்ந்தால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கலாம், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட் என்பதால் இது சின்னத் தண்டனை இல்லை.

இதைத் திடீரென்று கொண்டுவரவில்லை. 2014-ல் அரிசோனா இலையுதிர் கால லீக்கில் சோதித்தார்கள். 2015-ல் மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கின் மேல்தட்டுகளில் வைத்தார்கள். 2022-ல் மைனர் லீக் முழுவதும் கண்டிப்பான கடிகாரம் ஓடியபோது சராசரி 25 நிமிடம் குறைந்தது. சொல்லப்போனால், பேஸில் ஆள் இல்லாதபோது 12 விநாடிக்குள் வீச வேண்டும் என்று விதிப்புத்தகத்திலேயே வெகுநாளாக ஒரு வரி இருந்தது. எந்த அம்பயரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2015-ல் மேஜர் லீக் வேறொன்றைப் பார்த்தது. பேட்டர் ஒவ்வொரு பந்துக்கும் நடுவே கோட்டுக்கு வெளியே உலாவக் கூடாது, மீறினால் அபராதம் என்றது. அந்த ஆண்டு சராசரி 3:02-லிருந்து 2:56 ஆனது. இரண்டே ஆண்டில் 3:05-க்கு ஏறிவிட்டது. கோடிகளில் சம்பளம் வாங்குபவருக்கு அபராதம் எந்த மூலைக்கு? களத்திலேயே விலை கொடுக்க வைக்க வேண்டும். கடிகாரம் அதைத்தான் செய்தது.

கணக்கைப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து ஏறக்குறைய 290 பந்து வீசும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஐந்து விநாடி மிச்சமானால் மொத்தம் 24 நிமிடம். 2022-ல் சராசரி 3 மணி 4 நிமிடம். கடிகாரம் வந்த 2023-ல் 2 மணி 40 நிமிடம். 2024-ல் இன்னொரு நான்கு நிமிடம் குறைந்தது. பந்தின் எண்ணிக்கையில் கைவைக்காமல், அவுட்டின் எண்ணிக்கையில் கைவைக்காமல் கிடைத்த நேரம் இது. ஆட்டம் சீக்கிரம் முடிவதால் பீர் விற்பனை படுத்துவிடும் என்று சில அணிகள் பயந்து, ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்துவதை எட்டாவது வரை நீட்டின என்பது ஒரு வேடிக்கையான பக்கவிளைவு.

இன்னொரு பக்கவிளைவு எனக்கு அதைவிட முக்கியம். பேஸை விட்டு நகரும் ரன்னரைப் பிடிக்க பிட்ச்சர் திரும்பத் திரும்ப அங்கே பந்தை எறிந்துகொண்டே இருந்தால் கடிகாரத்துக்கு அர்த்தமில்லாமல் போகும். அதனால் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான் அப்படி எறியலாம், மூன்றாவது முறை எறிந்து அவுட் ஆக்காவிட்டால் ரன்னருக்கு அடுத்த பேஸ் இலவசம் என்று வைத்தார்கள். கூடவே பேஸின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். விளைவு, 2022-ல் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டு (பேட்டர் அடிக்காமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) 2023-ல் 3,503 ஆனது. பேஸ்பாலில் கண்ணுக்கு விருந்தான ஓட்டம் இதுதான். அது வெகுகாலமாகச் செத்துக்கொண்டிருந்தது. காத்திருப்பை வெட்டப் போய் ஆட்டம் கூடிவிட்டது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இந்த விதியை முடிவு செய்த 11 பேர் குழுவில் லீக் தரப்புக்கு ஆறு பேர், வீரர்கள் நான்கு பேர், அம்பயர் ஒருவர். கடிகாரத்துக்கு எதிராக நான்கு வீரர்களும் வாக்களித்தார்கள், தோற்றார்கள். அந்தக் குழுவின் அமைப்பே அப்படி. அவர்களின் பயத்துக்கு ஆதாரம் போல 2023 பிப்ரவரி 25 அன்று ஒரு பயிற்சி ஆட்டம் அமைந்தது. ரெட் சாக்ஸும் பிரேவ்ஸும் 6-6. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், பேட்டர் கால் கான்லிக்கு மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். இதைவிடப் பதற்றமான கட்டம் பேஸ்பாலில் கிடையாது. அவர் நேரத்துக்குத் தயாராகவில்லை என்று அம்பயர் மூன்றாவது ஸ்ட்ரைக் கொடுத்தார். ஆட்டம் அப்படியே சமனில் முடிந்தது. பந்தே வீசப்படவில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்து உலக பேஸ்பால் கிளாசிக் இறுதிப் போட்டியில் ஓதானி, அமெரிக்காவின் மைக் டிரௌட்டை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி ஜப்பானுக்குக் கோப்பையை வாங்கித் தந்தார். அதுவும் மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்தான். அந்தத் தொடரில் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு பந்துக்கு முன்னும் அந்த இருவரும் மூச்சு வாங்கிய நேரம் வீணா என்று கேட்டால் என்னால் ஆம் என்று சொல்ல முடியாது. நாடகத்துக்கு இடைவெளி வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது ஒன்பதாவது இன்னிங்ஸுக்கான வாதம். மூன்றாவது இன்னிங்ஸில், 5-0 முன்னிலையில் கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டுபவருக்கு அது பொருந்தாது. 1970களில் மைக் ஹார்க்ரோவ் என்ற பேட்டருக்கு ‘மனித மழைத் தாமதம்’ என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அப்போது அவர் ஒருவர்தான் அப்படி. 2021-ல் எல்லோருமே ஹார்க்ரோவ்.

காயம் பற்றிய வாதம் கனமானது. 2024 ஏப்ரலில் ஷேன் பீபர், ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் போன்ற முன்னணிப் பிட்ச்சர்கள் முழங்கைக் காயத்தோடு வெளியேறியபோது, வீரர் சங்கத் தலைவர் டோனி கிளார்க் ஓய்வு நேரம் குறைந்ததைக் குறைகூறினார். லீக் மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் லீக் வெளியிட்ட அறிக்கை, எப்போதும் உச்ச வேகத்தில், முழு பலத்தில் வீசும் பழக்கத்தையே காரணமாகக் காட்டியது. முழங்கை அறுவைச் சிகிச்சைகள் கடிகாரத்துக்கு முன்பிருந்தே ஏறிக்கொண்டிருந்தன என்பதால் லீக் சொல்வதில் பொருள் உண்டு. ஆனால் அறிக்கை எழுதியதும் கடிகாரத்தைக் கொண்டுவந்ததும் ஒரே தரப்பு என்பதை மறக்க வேண்டாம். 20-ஐ 18 ஆக்கிய அவசரம் தேவையா என்ற கேள்விக்கு யாரும் திருப்தியான பதில் சொல்லவில்லை.

நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டிலும் இதே மருந்து வந்துவிட்டது. ஒரு ஓவர் முடிந்து 60 விநாடிக்குள் அடுத்ததைத் தொடங்க வேண்டும், மூன்றாவது முறை தவறினால் ஐந்து ரன் போகும் என்று ஐசிசி வைத்தது. 2024 டி20 உலகக் கோப்பையில், நியூயார்க்கில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய அமெரிக்க அணிதான் இதில் மாட்டியது. இந்தியாவுக்கு 30 பந்தில் 35 தேவை என்றிருந்தது, ஒரு பந்தும் வீசாமல் 30 பந்தில் 30 ஆனது. பேஸ்பால் கடிகாரத்தை ஏற்கெனவே பார்த்துப் பழகிய நாட்டின் அணிக்கு இப்படி ஆனது வேடிக்கைதான். தண்டனையின் அளவில் பேஸ்பாலின் முறை மேல் என்று நினைக்கிறேன். உடனே விழுகிறது, சிறியதாக விழுகிறது, அதனால் எல்லோரும் சீக்கிரம் பழகிவிட்டார்கள். முதல் ஆண்டிலேயே மீறல்கள் சராசரியாக இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக்கூட வரவில்லை.

கடிகாரம் பிடிக்காதவர்கள் சொல்லும் நேர்வழி, இன்னிங்ஸையே குறைப்பது. கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடினால் ஒவ்வொன்றும் ஏழு இன்னிங்ஸ்தான் என்று மேஜர் லீக் வைத்தது. 2021 ஏப்ரலில் மேடிசன் பம்கார்னர் அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தில் பிரேவ்ஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஏழு இன்னிங்ஸும் வீசினார். அதிகாரபூர்வப் பட்டியலில் அது ‘நோ ஹிட்டர்’ ஆகச் சேரவில்லை, ஒன்பது இன்னிங்ஸ் வீசவில்லை என்பதால். லீக்கே தன் ஆட்டத்தை முழு ஆட்டமாக ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ரசிகர் ஏன் முழு டிக்கெட் காசு கொடுக்க வேண்டும்? 2022-ல் அந்த விதி போய்விட்டது, நல்லதே. வெயிலில் வாடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழு இன்னிங்ஸ் சரி. சம்பளம் வாங்கி ஆடும் லீக்குக்குக் கூடாது.

கூடுதல் இன்னிங்ஸ் விவகாரத்தில்தான் நாடுகள் பிரிகின்றன. ஒன்பதில் முடிவு வராவிட்டால், 2020 முதல் மேஜர் லீக்கில் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஓர் ஆளை ஓசியில் நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். 2023-ல் இது நிரந்தரமானது. வேலை செய்கிறது, சீக்கிரம் முடிகிறது. ஆனால் ஒன்பது இன்னிங்ஸ் ஒருவரைக்கூடப் பேஸுக்கு விடாத பிட்ச்சர், பத்தாவதில் ஒரு பண்ட் (பந்தை மெல்லத் தட்டிவிடுவது), ஒரு உயரப் பந்து கேட்ச் என ஓசி ரன்னர் ஒவ்வொன்றிலும் ஒரு பேஸ் முன்னேற, இரண்டு அவுட்டும் எடுத்த நிலையிலேயே தோற்றுப்போகலாம். ஆட்டத்தின் முடிவையே விதி தள்ளிவிடும் இடம் இது. மேலும் பத்து ஆட்டத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் கூடுதல் இன்னிங்ஸ் போகிறது. சராசரி ரசிகருக்கு இதில் மிச்சமாகும் நேரம் அற்பம். லாபமெல்லாம் மறுநாள் வீச வேண்டிய பிட்ச்சர்களின் கைகளுக்கு.

ஜப்பானில் 12 இன்னிங்ஸ் ஆகியும் முடியவில்லை என்றால் டிரா. கொரியாவிலும் அப்படித்தான் இருந்தது, 2025-ல் அதை 11 ஆக்கினார்கள். அமெரிக்கர்களுக்கு டிரா என்றால் ஒவ்வாமை. 2002-ல் மில்வாக்கியில் நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் காட்சி ஆட்டம் பிட்ச்சர்கள் தீர்ந்துபோய் 7-7 என்று முடிந்தபோது அரங்கமே கூச்சல் போட்டது. அந்த வெட்கத்தில், அடுத்த ஆண்டிலிருந்து 2016 வரை, அந்தக் காட்சி ஆட்டத்தில் ஜெயிக்கும் பக்கத்துக்கே, லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் சொந்த மைதான வாய்ப்பு என்று ஒரு விபரீத விதியை வைத்திருந்தார்கள். 2025 ஆல் ஸ்டார் ஆட்டம் 6-6 ஆனபோது ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே அடிப்பது) அடிக்கும் போட்டி வைத்து முடித்தார்கள். கைல் ஷ்வார்பர் மூன்று அடி, மூன்றும் ஹோம் ரன். பார்க்க ஜோராக இருந்தது. புள்ளிப் பட்டியலுக்கான ஆட்டத்தில் அதை வைத்தால் கால்பந்து பெனால்டியைவிடக் கொடுமையாகும். என் வாக்கு டிராவுக்கு. 140-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் நாலைந்து டிராவால் குடி முழுகிவிடாது.

பருவ முடிவில் கோப்பைக்காக ஆடும் பிளேஆஃபில் மேஜர் லீக்கே ஓசி ரன்னரை வைப்பதில்லை. அதனால் ஓர் அருமையான ஒப்பீடு தானாக அமைந்திருக்கிறது. 2018 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் டாட்ஜர்ஸ் மைதானத்தில் 18 இன்னிங்ஸ் போனது, 7 மணி 20 நிமிடம். 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டமும் அதே மைதானத்தில் அதே 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். முதலாவதில் 3-2, இரண்டாவதில் 6-5. ரன் இரண்டு மடங்குக்கு மேல், நேரம் 41 நிமிடம் குறைவு. நடுவில் வந்தது கடிகாரம்.

வீசிய பந்து பாலா ஸ்ட்ரைக்கா என்று சொல்லும் இயந்திர அம்பயரை வேகத்துக்கான விதியாகச் சிலர் சேர்க்கிறார்கள். அது வேகத்துக்கானது இல்லை, நியாயத்துக்கானது. கொரியா 2024-லேயே எல்லாப் பந்தையும் இயந்திரத்திடம் விட்டது. மேஜர் லீக் 2026-லிருந்து அணிக்கு இரண்டு முறையீடு என்ற நடுவழியை எடுத்தது. 2025 பயிற்சி ஆட்டங்களில் ஒரு முறையீட்டுக்குச் சராசரியாக 13.8 விநாடிதான் ஆனது. வாக்குவாதத்தைவிட அது மலிவு.

எல்லோரும் கண்டும் காணாமல் விடுவது விளம்பரத்தை. ஒரு முழு ஆட்டத்தில் அரை இன்னிங்ஸ்களுக்கு நடுவே 17 இடைவேளை. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆக அரை மணிக்கு மேல் களத்தில் ஒன்றுமே நடப்பதில்லை. காத்திருப்பை வெட்ட வேண்டும் என்றால் கத்தி முதலில் விழ வேண்டிய இடம் இது. விதிக்குழுவில் பெரும்பான்மை உரிமையாளர்களுக்கு, தொலைக்காட்சிப் பணமும் அவர்களுக்கே என்பதால் அங்கே மட்டும் கத்தி விழுவதில்லை.

ஜப்பான் லீக் என்னிடம் கேட்காது. கேட்டால், கொரியா 2025-ல் வைத்ததைப் போல, பேஸில் ஆள் இல்லாவிட்டால் 20 விநாடி, இருந்தால் 25 விநாடி என்று தளர்வான கடிகாரத்தில் தொடங்கச் சொல்வேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஐந்து விநாடி கூட்டித் தரலாம், அதனால் ஆட்டம் இரண்டு மூன்று நிமிடம்தான் நீளும். 12 இன்னிங்ஸ் டிராவைத் தொட வேண்டாம். மூன்று பேட்டர் விதியும் வேண்டாம். அது தரும் சில நிமிடங்கள் வேண்டுமென்றால் ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் 20 விநாடி குறைத்தால் போதும், 17 இடைவேளைக்கு ஐந்தரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். எந்த மேனேஜரின் உத்தியும் கெடாது, எந்தப் பிட்ச்சரின் கையும் வலிக்காது.